மல்பெரி தின்ற நாக்கு

அக்கா,

நாளைக்கு ஹாங்சோ நகரத்து ஆஸ்பத்திரியில் எனக்கு ஸ்கேன் வேண்டாம். என் நாக்கு கருநீலமாக இருந்ததற்குக் காரணம் மல்பெரிப் பழம். வேண்டுமென்றே ஒரு கூடை தின்றேன்.

நீ டாக்டராகி வந்ததிலிருந்து எல்லோருக்கும் நாடி பிடிக்கிறாய், ஸ்டெதாஸ்கோப்பும் வைக்கிறாய். பள்ளியை விட்டுவிட்டு உன் பக்கத்திலேயே மூலிகை நிறுக்கும் என்னை நிமிர்ந்துகூடப் பார்ப்பதில்லை. நேற்று சியூ அத்தையின் மணிக்கட்டை நீ விடவே இல்லை. எனக்கு வயிறு எரிந்தது. அதனால்தான் நானும் நோயாளிகள் வரிசையில் நின்றேன்.

"ஐயையோ, ரத்தம் கட்டிக் கிடக்கேடி! வாயத் திறந்து சொல்றதுக்கென்ன, ஊமக்கோட்டான்?" என்று என் நாக்கைப் பார்த்துப் பதறினாய்.

நாக்குதான் பொய். நாடி படபடக்கிறது என்றாயே, அது நிஜம். அப்போது நீ என் கையைப் பிடித்திருந்தாய்.

மருந்து நிறுக்கும்
உன் தங்கை