பல்சக்கரத்தில் நீலத் துணி

ஜனவரி 9

மறுபடியும் பாவு தளர்ந்திருக்கிறது. காலையில் பள்ளிக்குக் கிளம்பும் முன் விரலால் சுண்டிப் பார்த்தேன். தறியின் நீள நூல்கள் எல்லாம் விறைப்பாக இருந்தன. சாயங்காலம் வந்து பார்த்தால் துணி காயப்போட்ட கொடி மாதிரித் தொய்ந்து கிடக்கின்றன. பகலில் இந்த அறையில் இருப்பது யார்? அண்ணி மட்டும்தான்.

எழுதிவிட்டேன். இருக்கட்டும்.

ஜனவரி 10

நியாயமாக யோசித்துப் பார்க்கிறேன். இது என் அறை. அண்ணன் கல்யாணத்துக்குப் பிறகு அண்ணியின் தையல் மெஷின் இங்கே வந்தது. அவர் ஒரு தையல்கடைக்கு வீட்டிலிருந்தே தைத்துக் கொடுக்கிறார். வெளிச்சம் வேண்டும் என்று ஜன்னலோரத்தை அதற்குக் கொடுத்தார்கள். என் மேஜை சுவர்ப் பக்கம் போனது. நான் ஒன்றும் சொல்லவில்லை. அண்ணன் பழைய சாமான் கடையிலிருந்து இந்தச் சின்னத் தறியை எனக்கு வாங்கி வந்த அன்று அண்ணி, "எனக்கு ஒரு ஊசிகூட வாங்கித் தர மாட்டேங்கிறாரு" என்றார். சிரித்துக்கொண்டேதான். ஆனால் சொன்னார்.

ஜனவரி 13

அண்ணனுக்குக் குளிர்பதனக் கிடங்கில் வேலை. உறைந்த பெட்டிகளுக்கு நடுவில் நின்று நின்று, "கழுத்து மரத்துப்போகுது" என்கிறான். அவனுக்குத்தான் இந்தக் கம்பளி மஃப்ளர். கழுத்தை இரண்டு சுற்று சுற்றி முனையைச் செருக வேண்டும். அந்த அளவுக்கு ஒரு சிவப்பு நூலை அவன் கழுத்திலேயே அளந்து வெட்டி வைத்திருக்கிறேன். நெய்த பகுதியை உருளையில் சுருட்டுவதற்கு முன் அந்த நூலை மேலே வைத்து அளந்து, அளந்த இடத்தில் நூலில் ஒரு முடிச்சுப் போடுகிறேன். நூல் தீரும் இடத்தில் மஃப்ளர் தீரும்.

தறியின் உயிர் அதன் சட்டம்தான். பெரிய சீப்பு மாதிரி இருக்கும்; ஒரு துளை, ஒரு பிளவு, மாறி மாறி. சட்டத்தை உயர்த்தினால் துளையில் கோத்த நூல்கள் மேலே ஏறும், தாழ்த்தினால் இறங்கும். பிளவில் இருப்பவை சும்மா இருக்கும். நடுவில் திறக்கும் வாய்க்குள் குறுக்கு நூலை விட்டு, அதே சட்டத்தால் நெருக்கித் தட்ட வேண்டும். நான் குறுக்கு நூலை அதிகம் இழுத்துவிடுகிறேன் போல. ஓரங்கள் உள்வாங்கிவிட்டன.

அண்ணி எட்டிப் பார்த்தார். "அட, துணிக்கு இடுப்பு வந்துடுச்சே! கவுன் தைச்சுடலாமா?"

எதற்கு எட்டிப் பார்க்க வேண்டும்?

ஜனவரி 15

நூலகத்தில் எடுத்த நெசவுப் புத்தகத்தில் கடைசி அத்தியாயத்தைக் காணோம். 'தறியிலிருந்து இறக்குதல்' என்று பொருளடக்கத்தில் மட்டும் இருக்கிறது. பக்கங்களை யாரோ நேர்த்தியாகக் கத்தரித்திருக்கிறார்கள். கத்தரிக்கோல் வைத்திருப்பவர்கள் யாரையும் நம்பக்கூடாது.

ஜனவரி 18

சில நாட்களாகப் பாவு தளரவில்லை. நான் கவனிக்கிறேன் என்று தெரிந்துவிட்டதோ?

ஜனவரி 20

கிடைத்துவிட்டது! உருளையின் முனையில் ஒரு பல்சக்கரம், அதன் பல்லில் விழுந்து பிடித்துக்கொள்ள ஒரு கொண்டி. அந்தக் கொண்டியின் பின்னால் நாலாக மடித்த நீலத் துணித் துண்டு ஒன்று செருகியிருந்தது. அண்ணி இப்போது தைக்கும் சீருடையின் துணி அது. ஆக, என் தறியில் கை வைத்திருக்கிறார். துண்டை உருவி ஜியோமெட்ரி பாக்ஸில் வைத்துவிட்டேன். தடயம்.

ஜனவரி 21

மறுபடியும் தளர்ந்துவிட்டது. தடயத்தை எடுத்ததற்குப் பழிவாங்கலா?

ஜனவரி 27

காலையில் மஃப்ளரை முடித்து, தறியிலிருந்து வெட்டி, முனைகளில் குஞ்சம் முடிந்து, படுக்கையில் வைத்துவிட்டுப் பள்ளிக்கு ஓடினேன். சாயங்காலம் சிவப்பு நூலைப் பக்கத்தில் வைத்தால்... ஒரு சாண் குறைகிறது! அண்ணன் கழுத்தில் சுற்றினால் முனை செருகவே இல்லை.

எல்லார் முன்னாலும் கேட்டுவிட்டேன். "அண்ணி, இதை வெட்டினீங்களா?"

"எதை?"

"இதைத்தான். நூல் பொய் சொல்லுமா? வெட்டிட்டு மறுபடி குஞ்சம் முடிஞ்சிருக்கீங்க. உங்களுக்குத் தெரியாத முடிச்சா?"

அண்ணன், "விடு, என் கழுத்துதான் வீங்கியிருக்கும்" என்றான். யாரும் சிரிக்கவில்லை. அம்மா, "வாயை மூடுடி" என்றாள். அண்ணி எழுந்து சமையலறைக்குப் போய்விட்டார். தப்பு செய்யாதவர் ஏன் எழுந்து போக வேண்டும்?

ஜனவரி 28

மெஷினைச் சமையலறை வழியில் கொண்டுபோய் வைத்துவிட்டார்கள். ஜன்னல் எனக்கே. வெளிச்சம் ஏராளம்.

பிப்ரவரி 2

"அவளைச் சாப்பிட வரச் சொல்லுங்க அத்தை" என்கிறார் அண்ணி, அம்மாவிடம். நான் இரண்டடி தள்ளித்தான் நிற்கிறேன்.

பிப்ரவரி 4

அண்ணி அடுத்த வாரத்திலிருந்து கொஞ்ச நாள் தன் அம்மா வீட்டில் இருக்கப் போகிறாராம். அண்ணன் அந்தக் குட்டை மஃப்ளரையே போட்டுக்கொண்டு வேலைக்குப் போனான். "நான் கேட்டது தப்பா?" என்றேன் அம்மாவிடம். "வந்த பொண்ணு இந்த வீட்டுல எங்க உக்காரும்னு ஒரு நாளாவது யோசிச்சியா?" என்றாள். இது பதிலா?

பிப்ரவரி 8

அம்மாவும் அண்ணியும் கடைக்குப் போயிருந்தார்கள். வீட்டில் நான் மட்டும். கைக்குட்டை அளவில் ஒரு துண்டு நெய்துகொண்டிருந்தேன். எழுந்து தண்ணீர் குடிக்கப் போனேன், 'டக்' என்று ஒரு சத்தம். வந்து பார்த்தால் பாவு தொய்ந்துவிட்டது. அறையில் ஒருவரும் இல்லை!

குனிந்து பார்த்தேன். கொண்டியின் முனை தேய்ந்து மழுங்கியிருக்கிறது. பல்லில் நிற்காமல் தானே வழுக்குகிறது. நீலத் துண்டை எடுத்து, இருந்த இடத்திலேயே செருகினேன். எவ்வளவு சுண்டினாலும் அசையவில்லை.

அப்படியென்றால் நான் தடயம் என்று எடுத்தது... ஐயோ.

ஆனால் மஃப்ளர்? அது வேறு. அதை வெட்டியிருக்கிறார். நூல் காட்டுகிறதே.

பிப்ரவரி 10

துண்டு முடிந்தது. உருளையில் சுருட்டத் தேவையில்லாத நீளம், முழுவதும் கண்ணெதிரே இருக்கிறது. சிவப்பு நூலின் மிச்சத்தை அதன் மேல் நேராக வைத்து, அளவுக்குச் சாட்சியாக இரண்டு முனையிலும் குண்டூசி குத்தினேன். அண்ணி ஊருக்குப் போகப் பை எடுத்து வைத்துக்கொண்டிருந்தார். "இதை நீங்களே வெட்டுங்க" என்றேன். வெட்டும்போது அவர் முகத்தைப் பார்க்க வேண்டும், அதற்காகத்தான்.

"நானா? அப்புறம் அதுக்கும் கேஸ் போடுவியே."

"போட மாட்டேன்."

பெரிய கத்தரிக்கோலை எடுத்து வந்தார். ஒரு பக்கம் வெட்டினார். மறுபக்கமும். நான் முகத்தைப் பார்க்கவே இல்லை, துணியைத்தான் பார்த்தேன். அது மெதுவாகத் தனக்குள் ஒடுங்கியது. இரண்டு ஊசிக்கும் நடுவில் சிவப்பு நூல் வில்லாக வளைந்து எழும்பி நின்றது.

"என்னடி இது, துணி மூச்சு விடுது!" என்றார் அண்ணி. பிறகு வளைந்த நூலை விரலால் தொட்டுப் பார்த்தார். "இழுத்துக் கட்டி வச்சிருந்தது... விட்டதும் சுருங்குது. எலாஸ்டிக் மாதிரி."

தறியில் அளந்தேன். விறைப்பாக இழுத்து வைத்து அளந்தேன். நூல் பொய் சொல்லவில்லை, நான்தான்...

"அண்ணி" என்றேன். அழுகை வந்துவிட்டது.

"அழுதா மெஷின் தானா நடந்து வராது. ஒரு பக்கம் புடி. ரொம்பக் கனம்."

பிப்ரவரி 12

மெஷின் ஜன்னலோரம். என் மேஜை அதை ஒட்டி. பை பரண்மேல்.

புது மஃப்ளருக்குப் பாவு ஓட்டியாகிவிட்டது, ஒரு சாண் கூடுதலாக. சாயங்காலம் பள்ளியிலிருந்து வந்து பார்த்தேன். கொண்டியின் பின்னால் துணி மாறியிருக்கிறது. இந்த முறை மஞ்சள், இன்னும் தடிமனாக. யார் வைத்தது என்று நான் கேட்கவில்லை. எடுக்கவும் இல்லை.