சிரித்த பாவைக்கு வாய்க்கரிசி

வானம் வழங்குக. வயல் விளைக. கழியும் கடலும் காவல் செய்யும் தண்கழி நாட்டின் காவலனும், புன்னை மாலை புனைந்தவனும், எந்தை வீற்றிருந்த அரியணையை அவருக்குப்பின் அழகு செய்பவனும், எம்மோடு ஒரு தொட்டிலில் ஆடிய இளவலுமாகிய மாநாகவேள் திருமுன்னர், செவ்வேங்கை நாட்டு நெடுமதில் நகரிலிருந்து, மறைந்த கோப்பெருவிறலரின் தேவியும், மகன் இளவிறலுக்காக இந்நாளில் நாடு காப்பவளுமாகிய காந்தள்மாதேவி விடுக்கும் ஓலை. நின் நாட்டு மகளிர் நெற்றி நிறைந்திருக்க. நின் படைவீட்டு முரசு நனையாதிருக்க. நின் மகள் ஆம்பல் நோயின்றி வளர்க.

மேலே எம் கோமான் பெயருக்கு முன் ‘மறைந்த’ என்ற சொல்லைக் கண்டு, ஓலை எழுதுவான் பிழை செய்தான் என்று எண்ணாதே தம்பி. மலை வழிகள் இதுவரை அடைபட்டிருந்தமையால் அச்செய்தி இவ்வோலையோடுதான் நினக்கு வருகிறது. எழுதும் முறை இதுவன்று என்று அறிவேன். வேறு முறை தோன்றவில்லை.

நின் ஓலை எம் கையில் உள்ளது. வடவெல்லைக்குப் படை எழவிருக்கிறது என்றும், எம் நாட்டு வழக்கப்படி படைசெல்வோர் ஒவ்வொருவர் மனையிலும் ஒரு போர்ப்பாவை வைக்கத் துணிந்தாய் என்றும், அப்பாவையின் முகம் உணர்ச்சி காட்டுதல் நன்றா, ஒன்றும் காட்டாதிருத்தல் நன்றா என்று நின் அவை இரண்டுபட்டு நிற்கிறது என்றும் எழுதியிருந்தாய். இரண்டையும் செய்து பார்த்த நாடு எம் நாடு. ஆகவே எம்மைக் கேட்டாய். கேட்டது முறையே. ஆனால் அதை எம் அவையில் படித்தபோது, ஒப்பாரி வைக்கவும் வழியின்றி ஒரு நகரமே உட்கார்ந்திருந்தது.

நின் அவையோர்க்கு விளங்கும் பொருட்டு வழக்கத்தை முதலில் உரைக்கிறோம். எம் நாட்டில் படைக்குச் செல்பவன், தன் பிள்ளையின் முழங்கை அளவில் தன்னைப்போல் ஒரு மரப்பாவை செய்வித்து வீட்டில் விட்டுச் செல்வான். கையும் காலும் ஆணியில் அசையும். வலக்கையில் வாள் இருக்கும். பிள்ளை அதைக்கொண்டு போர் விளையாடும், அதற்குச் சோறூட்டும், அதை அணைத்துத் தூங்கும். தகப்பன் மீண்டால் பாவை பரணுக்குப் போகும். மீளாமல், உடலும் கிட்டாமல் போனால், அப்பாவையே உடல். அதைக் குளிப்பாட்டி, வாய்க்கரிசி இட்டு, எரியூட்டுவோம். ஒன்று மட்டும் கண்டிப்பு. பிள்ளையின் கையிலிருந்து பாவையைப் பிடுங்குதல் அரசனுக்கும் ஆகாது. பிள்ளை தானே தரவேண்டும். இத்தனைக்கும் உரிய அப்பாவைக்கு எம் முன்னோர் வைத்த முகம் வெறும் முகம். கண் திறந்திருக்கும், வாய் மூடியிருக்கும், அவ்வளவே.

சென்ற ஆண்டு படை எழுமுன் எம் அவையிலும் இதே வழக்கு நடந்தது. சினந்த முகம் வேண்டும், பிள்ளைகளுக்கு வீரம் ஊறும் என்றார் படைத்தலைவர். சினந்த முகத்தைக் கண்டால் பிள்ளை பாலும் குடியாது என்றார் அமைச்சர். வாய் வலிக்கப் பேசினார்கள். பழைய முகமே இருக்கட்டும் என்று ஒருவரும் சொல்லவில்லை. பாவைத்தச்சன் மருதங்கூத்தனும் சொல்லவில்லை. வெறும் முகத்தில் கைத்திறம் காட்ட இடமில்லையே என்று அவனுக்கு நெடுநாள் குறை. எல்லாம் கேட்டிருந்த எம் கோமான் தொடையைத் தட்டிச் சிரித்து, அசைபோடும் மாட்டின் முகத்தையா என் மகன் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும், வென்று வருபவன் முகம் எப்படி இருக்குமோ அப்படியே செய்க என்று பணித்தார். அவர் சிரிப்பை நீ அறிவாய். எம் திருமணத்தன்று நின் யானைக்கன்று அவர் கழுத்து மாலையைத் தின்றபோது சிரித்தாரே, அந்தச் சிரிப்பு. அதையே மருதங்கூத்தன் பல் தெரியச் செதுக்கி எம் மகன் கையில் தந்தான். அவன் ஆட்கள் மற்ற வீடுகளுக்கும் அவ்வண்ணமே செய்தார்கள். பாவை விழுந்தாலும் சிரிக்கிறது என்று தெருப்பிள்ளைகளுக்கு ஒரே கொண்டாட்டம்.

இவ்வாண்டு படை ஆற்றைக் கடக்கையில் மலைமேல் பெய்த மழை வெள்ளமாய் இறங்கியது. பகைவன் வாளை உருவவும் இல்லை. முதலில் இறங்கியவர் எம் கோமான். அவர் ஏறிய யானை கீழ்க்கரையில் ஒதுங்கியது, அவர் ஒதுங்கவில்லை. பின் இறங்கியவர்களும் அப்படியே. கரையில் நின்ற சிலர் திரும்பி வந்து சொன்னதால் நாங்கள் அறிந்தோம்.

ஆகவே பாவைகளுக்கு வேலை வந்தது. அரசி சுடுகாட்டுக்குச் செல்லும் வழக்கமில்லை, சென்றேன். முதலில் நின்றவள் சாத்தி என்னும் வேல்வீரன் மனைவி. அவள் கைக்குழந்தையின் பிடி தளர்ந்து தானே விட்ட பாவையைப் பாடையில் கிடத்தினார்கள். அவள் அரிசி எடுத்து வாயில் இட்டாள். வாய் திறந்த பாவை அல்லவா, அரிசி பல்லில் ஒட்டிக்கொண்டது. அவள் கை அப்படியே நின்றுவிட்டது. அவள் சொன்னதைச் சொன்னபடியே எழுதுமாறு பணித்தேன்; ஓலை எழுதுவான் எழுத்தாணியைத் தூக்கிக்கொண்டு என் முகம் பார்க்கிறான். எழுது என்றேன். “இதுவா தாயி பொணம்? சோறு தின்னுக்கிட்டே சிரிக்கிற மனுசன் தாயி இது. எங்க வீட்டுல தெனமும் இப்படித்தானே உக்காந்திருப்பான். இவன் மேல எப்படித் தாயி தீய வெப்பேன்?” என்று கேட்டாள். பாவையை எடுத்து முந்தானையில் மூடிக்கொண்டு வீட்டுக்கு நடந்தாள். அவளுக்குப் பின் நின்ற பெண்களும் நடந்தார்கள். ஒப்பாரிக்கு வந்தவர்கள் பாதி அடியில் நிறுத்திக்கொண்டார்கள். சிரிக்கிற முகத்தைப் பார்த்து யாரால் அழ முடியும்?

அரண்மனையிலும் அதே கதை. தந்தைக்குக் கடன் கழியாமல் மகன் முடி சூட முடியாது. முடி சூடாதவனுக்குக் குறுநிலத்தார் வாள் தொட்டு உறுதி சொல்லமாட்டார்கள். ஆற்றில் நீர் வடிந்ததும் பகைவன் வருவான். இத்தனையும் ஐந்து வயதுப் பிள்ளையின் கையிலிருந்த ஒரு மரத்துண்டில் வந்து நின்றது. பாவையைக் கேட்டேன். “அப்பா சிரிக்கிறாங்க பாரு. செத்தவங்க சிரிப்பாங்களா? நீ பொய் சொல்றேம்மா” என்றான். தூங்கும்போது எடுத்துவிடலாம் என்றார் அமைச்சர். வழக்கத்தைக் காக்கவேண்டியவர் சொல்லும் சொல்லா இது? போம் ஐயா என்றேன்.

பின்பு அவையோர் கூடி, முகத்தைச் சீவிப் பழையபடி வெறும் முகமாக்கினால் பிள்ளை உண்மை உணரும் என்றார்கள். எமக்கும் வேறு வழி தெரியவில்லை. பாவையின் கால் ஆணி தளர்ந்திருந்ததால், சரிசெய்யத் தச்சனிடம் தர மகன் இசைந்தான். மருதங்கூத்தன் மூக்கைச் சிந்திக்கொண்டே சீவினான். பல் போயிற்று, கன்னத்து மடிப்பும் போயிற்று. அந்த மரச்சுருள்களை நான் பொறுக்கி வைத்திருக்கிறேன். எதற்கென்று கேட்காதே.

திரும்ப வந்த பாவையை மகன் புரட்டிப் பார்த்தான். இது யாரு என்று கேட்டான். அப்பா என்றேன். “இல்ல” என்றான். அடுத்த வீட்டுப் பிள்ளை மறந்துவிட்டுப் போன பொருளைத் தருவதுபோல் என் மடியில் வைத்து, “நீயே வெச்சுக்கோ” என்று சொல்லிவிட்டு விளையாடப் போனான்.

தானே தந்துவிட்டான், வழக்கம் நிறைந்தது என்று அவை பெருமூச்சு விட்டது. அவன் கையாலேயே எரியூட்டினோம். ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லை. வீரப்பிள்ளை என்றார்கள் அவையோர், பாவிகள்! தீ அணையுமுன் என் விரலைப் பிடித்து இழுத்து, அப்பா வந்திருப்பாங்க, வீட்டுக்குப் போலாம் என்றான் என் பிள்ளை. அரசன் வீட்டு வழியே ஊர் வழி என்று நகரத்தாரும் பாவைகளைச் சீவினார்கள்; பிள்ளைகளும் யாரோ ஒருவனைத் தருவதுபோல் தந்துவிட்டார்கள். சாத்தியும் எரித்துவிட்டாள். இப்போது மாலைதோறும் கோட்டை வாயிலில் பிள்ளைகள் கூட்டம். சிரித்துக்கொண்டு வரும் ஆட்களை எதிர்பார்த்து நிற்கிறார்கள். என் மகன் மதில்மேல் நிற்கிறான்.

நின் கேள்விக்கு மறுமொழி இதுவே. வெறும் முகமே நன்று. வெறும் முகம் பிள்ளை சிரித்தால் சிரிக்கும், பிள்ளை சினந்தால் சினக்கும், சாகவேண்டிய நாள் வந்தால் சாகவும் செய்யும். ஒரு முகத்தைச் செதுக்கிவிட்டால் அதற்கு வேறு முகம் வராது. இதை எழுதியும் மனம் ஆறவில்லை தம்பி. வெறும் முகமே வைத்திருந்தாலும் வெள்ளம் வந்துதான் இருக்கும். பாவைக்கு முகம் தேடிய அவையில், பாவை எதற்குத் தேவைப்படும் என்று ஒருவர் வாயும் திறக்கவில்லை. நின் அவையிலும் திறக்காது. போகாதே என்று காலைப் பிடித்துக் கேட்பேன், நீ போவாய். நம் வீட்டு ஆண்களை நான் அறியாதவளா?

ஆகையால், தமக்கை என்ற உரிமையிலும் நாடு காப்பவள் என்ற நிலையிலும் ஆணையிடுகிறோம். நின் தச்சர் செதுக்கியவற்றுள் பல் காட்டும் பாவை எதுவாயினும் பிள்ளை கையில் சேருமுன் அடுப்பில் இடுக. புறப்படுமுன் ஆம்பலை மடியில் வைத்து நின் முகத்தைப் பார்க்க விடுக. அவளைக் கடிந்துகொள்ளும்போதும், அயர்ந்து உறங்கும்போதும், அழவேண்டியிருந்தால் அழும்போதும் அவள் பார்க்கட்டும். ஒற்றை முகத்தை விட்டுச் செல்லாதே.

எழுதியவன் ஓலை எழுதுவான் காரிநம்பி. கேட்டு ஒப்பியவள் காந்தள்மாதேவி. வேங்கை முத்திரைக்கு இனி உரியவன் இளவிறல் ஆதலால், அவன் கையாலேயே இடுவித்தோம். இந்த ஓலை அப்பாவுக்கா என்று கேட்டான். யாம் முத்திரையை அவன் கையில் கொடுத்தோம். சீக்கிரம் அனுப்பும்மா என்று சொல்லி இரு கையாலும் அழுத்தினான். அதனால் முத்திரை சற்றுக் கோணியிருக்கும். போலி என்று ஐயுறாது ஏற்றுக்கொள்க.