உன் பக்கத்துக்கு எதிரான செய்தி

கோச்சடையில் புதிதாகத் திறந்த சவரக் கடைக்கு இன்று காலை போயிருந்தேன். கன்னத்தில் சோப்பு நுரையைத் தடவியதும் அந்த வாசனையோடு நீயும் வந்து பெஞ்சில் உட்கார்ந்துகொண்டாய். நீ மேலே போய்ச் சேர்ந்து ஒரு வருஷம் ஆகப்போகிறது, என்னை விடுவதாக இல்லை நீ.

ஸ்பெயின் தேசத்தில் உள்நாட்டுப் போர் நடந்த காலம். நம் தெருச் சவரக் கடைக்கு ஒரே பேப்பர்தான் வரும். அதைத் தாள் தாளாகப் பிரித்துக்கொண்டு படிப்போம். மில் தொழிலாளியான நான் அங்கே ஆட்சியிலிருந்த குடியரசுக்காரர்கள் பக்கம். நிலமில்லாதவனுக்கு நிலம் என்றார்களே, எனக்கு அது போதும். நீயோ ஒரு ஞாயிறும் மாதா கோயிலுக்குப் போகாமல் இருக்காதவன். அங்கே கோயில்களைக் கொளுத்துகிறார்கள், சாமியார்களைச் சுடுகிறார்கள் என்று படித்துவிட்டு, அரசை எதிர்த்துக் கிளம்பிய தளபதிகள் பக்கம் நின்றாய்.

"சாமியாரு பண்ணையார் வீட்டுலயே கெடந்தா வேற என்ன நடக்கும்?" என்று ஒருநாள் கேட்டுவிட்டேன்.

"செத்தவங்களப் பேசுற பேச்சா இது?" என்று எழுந்து போனாய்.

அதன் பிறகு ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருப்போம், பேச்சு கிடையாது. கடலுக்கு அப்பால் யாரோ அடித்துக்கொண்டதற்கு உன்னை இழந்துவிடுவேனோ என்று பயமாக இருந்தது. ஆனாலும் வீம்பு விடவில்லை.

பிறகொரு நாள் வெளிநாட்டுச் செய்தித் தாள் உன் கைக்குப் போயிற்று. சந்தை கூடியிருந்த ஊரில் உன் பக்கத்து விமானங்கள் குண்டு போட்டிருந்தன. நீ அதை மடித்து வைத்திருந்தால் எனக்குத் தெரிந்திருக்காது. எழுந்து வந்து என் மடியில் வைத்தாய்.

"படி மாப்ள. சந்தைக்கு வந்த சனம். என் ஆளுகதான் போட்டிருக்காங்க." அந்த வரியை விரலால் காட்டினாய். "கோயிலக் காப்பாத்தணும்னுதான் நான் நின்னேன். இதுக்கில்ல."

"சாமியாரச் சுட்டதும் தப்புதான்" என்றேன். "கூலிக்காரனுக்கு நெலம் கெடைக்கணும்னுதான் நானும் நின்னேன்."

"இம்புட்டச் சொல்ல எம்புட்டு நாளு ஒனக்கு?" என்று சிரித்தாய். அதற்குப் பிறகும் நாம் கட்சி மாறவில்லை. தினமும் சண்டைதான், ஆனால் சேர்ந்தே வீட்டுக்கு நடந்தோம்.

இப்போது எங்கள் மில் சங்கம் இரண்டாகக் கிடக்கிறது. வேலைநிறுத்தத்தின்போது வேலை செய்ய உள்ளே போனவர்கள் ஒருபுறம், வெளியே நின்ற நாங்கள் ஒருபுறம். நேற்றுக் கூட்டத்துக்கு இரு தரப்பாரும் கம்போடு வந்திருந்தார்கள். பேச என்னை எழுப்பிவிட்டார்கள். உள்ளே போன ஒருவர் வீட்டுக் கூரையை எங்கள் ஆட்கள் பிய்த்துப் போட்டதைத்தான் முதலில் சொன்னேன். உன்னிடமிருந்து வந்த பழக்கம் இது, போகமாட்டேன் என்கிறது. என் பக்கத்திலிருந்தே ஒருவன் துரோகி என்றான்.

எதிர்வரிசையில் ஒருவர் கம்பைச் சுவரில் சாய்த்துவிட்டு எழுந்தார்.

"எங்காளுக செஞ்சதையும் சொல்றேண்ணே" என்றார்.