காயம் ஏற்பட்ட காரணம்

மார்ச் 4, செவ்வாய்

காலையில் பேருந்தின் டயர் வெடித்தது. நாற்பது பேரும் ஒரே நொடியில் குனிந்தோம். பிறகு ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் சிரித்தோம். "டயர்தாங்க, வெறும் டயர்தான்" என்று ஓட்டுநர் நெடுநேரம் சொல்லிக்கொண்டிருந்தார். எங்களுக்குச் சொன்னாரா, தனக்கே சொல்லிக்கொண்டாரா? போர் முடிந்து ஒன்பது வருடம் ஆகிறது.

மேலாளர் கூப்பிட்டனுப்பினார். எங்கள் நில அளவை அலுவலகத்தில் அவருக்குப் 'பாராசூட்' என்று பெயர். போர்க்காலம் முழுக்க வெளிநாட்டில் இருந்துவிட்டு, எனக்கு வரவேண்டிய நாற்காலியில் நேராக வந்து இறங்கியவர். என்னைவிடப் பதினொரு வயது சின்னவர்.

"வியாழக்கிழமை பதினோரு மணிக்குத் தீ விபத்துப் பயிற்சி சார். சைரன் அடிச்சதும் எல்லாரும் வெளிய போகணும். நீங்கதான் சீனியர், முன்னாடியே எல்லார்கிட்டயும் சொல்லி வச்சிடுங்க. நம்ம ஆளுங்களுக்குச் சைரன்னா என்னன்னு உங்களுக்குத் தெரியும்."

நம்ம ஆளுங்க. அதை அவர் வாயால் கேட்கவேண்டியிருக்கிறது.

சொல்கிறேன் என்றேன்.

மார்ச் 5, புதன்

சொல்லவில்லை. மறதி இல்லை. நாளைக்கு எல்லோரும் அவர் அறைக்குப் போய்ச் சத்தம் போடட்டும் என்று இருந்துவிட்டேன்.

மார்ச் 6, வியாழன்

எப்படி எழுதுவது.

சைரன் அடித்தது. இருபது பேரில் ஒருவர்கூட வெளியே போகவில்லை. எல்லோரும் சன்னலை விட்டு விலகி மேசைக்கு அடியில், மாடிப்படிக்கு அடியில் பதுங்கினார்கள். பழகிய உடம்புகள். பியூன் காதைப் பொத்தி வாயைத் திறந்து வைத்திருந்தார். வாய் திறந்திருந்தால் செவிப்பறை கிழியாது என்று இங்கே எல்லோருக்கும் தெரியும்.

எனக்கு அது பயிற்சி என்று தெரியும். கடிகாரத்தைப் பார்த்துக் காத்துக்கொண்டிருந்தவனே நான்தான். இருந்தும் ஓடினேன். வரைபடங்களை வைக்கும் அறைக்குச் சன்னல் கிடையாது, இரும்புக் கதவு. உள்ளே புகுந்து கதவை இழுத்தேன். ஏதோ தடுத்தது. இன்னும் பலமாக இழுத்தேன்.

தடுத்தது எங்கள் வரைவாளரின் வலது கை.

மார்ச் 7, வெள்ளி

தள்ளுமுள்ளில் கதவு தானாக அடித்துக்கொண்டது என்று பேசிக்கொள்கிறார்கள். நான் வாய் திறக்கவில்லை.

மேலாளர் கூடத்தின் நடுவில் வந்து நின்றார். முகம் வெளுத்திருந்தது. "நான் செவ்வாய்க்கிழமையே சார்கிட்ட சொல்லிட்டேனே" என்றார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

"அப்படி எதுவும் சொன்னதா ஞாபகம் இல்லையே" என்றேன்.

ஒரு வரி, அவ்வளவுதான். குரல்கூடப் பிசிறவில்லை.

"போரை டிவில பார்த்தவருக்கு நம்ம கஷ்டம் எங்க தெரியப்போகுது" என்றார் பியூன், அவர் காதில் விழும்படியாக. பிறகு கேட்காமலே எனக்குத் தேநீர் கொண்டுவந்து வைத்தார். "சார் நம்மகூடவே கிடந்து அனுபவிச்சவரு."

குடித்தேன். அதையும் குடித்தேன்.

மார்ச் 9, ஞாயிறு

மூன்று விரல்கள் உடைந்திருக்கின்றனவாம். கோடு போட்டுப் பிழைக்கிற கை.

மார்ச் 11, செவ்வாய்

ஆறு பேர் வரவில்லை. விடுப்புப் பதிவேடு என் பொறுப்பு. தலைவலி, வயிற்றுவலி, தலைவலி. ஒன்பது வருடமாக இந்த அலுவலகத்தில் இந்த இரண்டு நோய்கள்தான். இங்கே மட்டுமா, வங்கியில் வேலை பார்க்கும் மைத்துனரும் இதையேதான் சொல்கிறார். ஒரு நாட்டுக்கே வயிற்றுவலி. 'சத்தம் கேட்டது, அதிலிருந்து கை கால் ஓடவில்லை' என்று எழுத எந்தப் படிவத்திலும் இடம் கிடையாது. பழைய பக்கங்களைப் புரட்டினேன். ஓரத்தில் சிவப்பு மையில் 'சாக்கு', 'சாக்கு' என்று எழுதியிருந்தது. என் கையெழுத்துதான்.

வீட்டில் மனைவி கேட்டாள்: "என்னங்க இது, நாலு நாளா எந்தக் கதவையும் சாத்த மாட்டேங்கிறீங்க. தெருநாய் அடுப்படி வரைக்கும் வந்துட்டுப் போகுது."

காற்று வரட்டும் என்றேன்.

மார்ச் 14, வெள்ளி

தலைமை அலுவலகம் விசாரணை வைத்திருக்கிறது. பாராசூட்டை மாற்றிவிடுவார்களாம். அடுத்து யார் என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. பியூன் இப்போதே எழுந்து நிற்கிறார். பதினான்கு வருடம் கேட்டது இதைத்தானே? வாங்கிக்கொள்ளேன்.

மார்ச் 17, திங்கள்

நிவாரணப் படிவத்தோடு வரைவாளரின் வீட்டுக்குப் போனேன். அவரால் எழுத முடியாது. அலுவலகத்தின் சார்பில் நான் நிரப்பி, அவர் இடது பெருவிரலை வைக்கவேண்டும். கை முழங்கை வரை கட்டுப்போட்டுத் தலையணைமேல் இருந்தது. பெயர், வயது, பணிக்காலம் எல்லாம் எழுதினேன். அடுத்த கட்டம்: 'காயம் ஏற்பட்ட காரணம்'.

பேனா நின்றது.

"எழுதுங்க சார்."

"கூட்டத்துல கதவு..." என்று ஆரம்பித்தேன்.

"எந்தக் கூட்டம்? நான் உங்க முதுகைப் பார்த்துக்கிட்டேதான ஓடிவந்தேன்."

எதையும் தூக்கிப் போட்டு உடைப்பதுபோல் அவர் சொல்லவில்லை. மழை பெய்கிறது என்பதுபோலச் சொன்னார். அப்புறம், "நான் முன்னாடி போயிருந்தா நானும் சாத்தியிருப்பேன். குண்டு விழுதுன்னா யார் திரும்பிப் பார்ப்பாங்க?" என்றார்.

அங்கேதான் எனக்கு உடைந்தது. அந்த மன்னிப்பு எனக்கு உரியதில்லை. குண்டு என்று நினைத்தது அவர். எனக்குத்தான் தெரியுமே. ரெண்டு நாள் முன்னாடியே தெரியுமே. தெரிஞ்சும் வாயை மூடிக்கிட்டு இருந்தேனே.

சொல்லிவிட்டேன். செவ்வாய்க்கிழமை மேலாளர் சொன்னதிலிருந்து எல்லாவற்றையும். அவர் முகம் மாறிவிட்டது. பார்க்கவேண்டிய முகம்தான், பார்த்தேன்.

"அப்ப அதை எழுதுங்க" என்றார்.

எழுதினேன். பயிற்சி பற்றி முன்பே அறிந்தும் மூத்த அலுவலர் ஊழியர்களுக்குத் தெரிவிக்கவில்லை. கதவை இழுத்துச் சாத்தியவரும் அவரே. அடியில் என் பெயர், பதவி. வாசித்துக் காட்டச் சொன்னார். காட்டினேன். பெருவிரலை வைத்தார். போய்வருகிறேன் என்றபோது சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

மார்ச் 18, செவ்வாய்

படிவத்தை மேலாளர் மேசையில் வைத்தேன். இருமுறை படித்தார். "ஏன் சார்?" என்று மட்டும் கேட்டார். உங்க நாற்காலி, என்றேன். அதைவிடச் சின்னதாக ஒரு காரணம் எனக்குக் கிடைக்கவில்லை.

மார்ச் 21, வெள்ளி

இன்று யாரும் தேநீர் வைக்கவில்லை.

ஏப்ரல் 3, வியாழன்

மேலாளர் இருக்கிறார். எனக்கு இனிப் பதவி உயர்வு கிடையாது. பதிவேட்டை வாங்கிக்கொண்டார்கள், கடைசி வரிசையில் ஒரு மேசை.

வரைவாளர் வேலைக்குத் திரும்பிவிட்டார். கட்டு இன்னும் பிரிக்கவில்லை. இடது கையால் கோடு போடப் பழகுகிறார். ஸ்கேலை அழுத்திப் பிடிக்க இன்னொரு கை இல்லாததால், ஒவ்வொரு கோடும் பாதியில் நழுவியது. நான்கு தாள்களைக் கிழித்துப் போட்டார். யாராவது எழுந்து போவார்கள் என்று பார்த்தேன். அவரவர் தலை அவரவர் மேசையில்.

"சார்," என்றார், திரும்பாமலே. "இதைக் கொஞ்சம் பிடிங்க."

நான்தான் பக்கத்தில் இருந்தேன். அதனால்தான் கூப்பிட்டிருப்பார். போய் ஸ்கேலின் இரு முனைகளிலும் விரலை ஊன்றினேன். பென்சில் நகர்ந்தது.

"ஆடாம பிடிங்க."

பிடித்தேன்.