சொம்புத் தண்ணீர் ஆடக்கூடாது

ஜூன் 3, செவ்வாய்

சொல்வது நான், ராயப்பன். எழுதுவது கலைமதி. எனக்குக் கைநாட்டுதான். கீழே தையல் கடை வைத்திருப்பவள் இவள். சாயங்காலம் மிஷினை நிறுத்தியதும் நோட்டை எடுப்பாள். கெட்ட வார்த்தை சொன்னால் எழுத மாட்டாளாம். அப்படியென்றால் இன்றைக்கு எழுத அதிகம் இல்லை.

என் பெண்டாட்டி சவுரியம்மாள் விழுப்புரத்தில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போய்ப் பத்தொன்பது நாள். மாடியில் அடுப்பு பக்கம் பலகை அமுங்கி, கால் தடுக்கி விழுந்தாள். மணிக்கட்டு முறிந்தது. "டைல்ஸ் போட்டுட்டுக் கூப்புடு. அதுவரைக்கும் அந்தப் பலகைல கால் வெக்க மாட்டேன். தெனம் என்னா நடந்துச்சுன்னு எழுதி வை, வந்து படிப்பேன்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

டீ நானே போட்டுக்கொள்கிறேன். அதைப் பற்றியும் கலைமதி எழுத மாட்டாள்.

ஜூன் 5, வியாழன்

வானூரிலிருந்து டைல்ஸ் மேஸ்திரி தென்னரசு வந்தான். பசை தடவி ஒட்டிவிட்டுப் போவான் என்று பார்த்தால், ஒரு சொம்பு தண்ணீர் கேட்டான். தாகம் போல என்று நிறைத்துக் கொடுத்தேன். குடிக்கவில்லை. பலகைமேல் வைத்து, "நட பெருசு" என்றான். நடந்தேன். தண்ணீர் ததும்பி, இடுக்கு வழியாகக் கீழே கலைமதி வெட்டிக்கொண்டிருந்த ஜாக்கெட் துணியில் சொட்டியது.

"தரை ஆடுது. மரம் மழைக்கு ஊறும், வெயிலுக்குச் சுருங்கும். டைல்ஸுக்கு ரெண்டும் தெரியாது. அப்படியே ஒட்டினா வெடிச்சுடும்."

"ஜல்தியா முடிக்க வழி இல்லியா?"

"இருக்கு. வெடிச்சதும் அம்மா மறுபடி விழுப்புரம் போயிடும். பரவால்லியா?"

சரி, பலகையைப் பிரி என்றேன்.

ஜூன் 9, திங்கள்

மக்கிப்போன மூன்று பலகைகளை மாற்றியாகிவிட்டது. ஆணியெல்லாம் பிடுங்கி ஸ்க்ரூ போட்டான். பனை உத்திரங்களுக்கு நடுவே குறுக்குக் கட்டை வைத்தான். வாசலோரப் பலகை இனிமேல் கிறீச்சிடாது. நான் பீடிக்கு இறங்கும்போதெல்லாம் சவுரியிடம் காட்டிக்கொடுத்த பலகை. தென்னரசுக்குத் தனியாக ஒரு டீ வாங்கிக் கொடுத்தேன்.

ஜூன் 10, செவ்வாய்

கனமான ஆள் நடந்து பார்க்க மச்சான் சகாயராஜைக் கூப்பிட்டோம். சவுரியின் தம்பி, ரெண்டு மல்லாட்டை மூட்டை கனம். "சோறு போடுவீங்கன்னு வந்தா நடக்கச் சொல்றீங்களே மாமா!" என்று அலுத்துக்கொண்டே நடந்தான். மற்ற இடங்களில் சொம்புத் தண்ணீர் அசையவில்லை. அடுப்பு பக்கம் மட்டும் தண்ணீர் நடுங்கியது.

தென்னரசு கீழே போய் உத்திரங்களை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தான். குறை தெரியவில்லை. கலைமதி துணி வைத்திருக்கும் பழைய பீரோவுக்கு மேலே மட்டும் அவன் பார்க்கவில்லை. நானும் சொல்லவில்லை.

ஜூன் 11, புதன்

"எந்த ஆணி எந்த வருஷம் அடிச்சதுன்னு சொல்றியே பெருசு, அடுப்பு பக்கம் எதுனா ஞாபகம் இருக்கா?" என்று தென்னரசு கேட்டான். இல்லை என்றேன்.

ஜூன் 12, வியாழன்

இருக்கு. எப்படி இல்லாமப் போகும்?

தொண்ணூத்திரண்டு, தை மாசம், ஞாயித்துக்கிழமை. சவுரி பூசைக்குப் போயிருந்தா. அவ அப்பா குடுத்த பீரோ உத்திரத்துல இடிச்சுது, உள்ளே போகலே. ரம்பத்தை எடுத்து உத்திரத்தோட அடியில நாலு விரல் வெட்டினேன். பீரோ போயிடுச்சு. மேல பலகை ஆட ஆரம்பிச்சதும், "தாண்டவராயன் ஆசாரி உத்திரத்தை ஒழுங்காச் செதுக்கலே"ன்னு சொல்லிட்டேன். ஆசாரி வூட்டு வாசல்ல, நடுத்தெருவுல வெச்சு அந்த ஆளை அவ கேட்ட கேள்வி! இன்னிக்கு வரைக்கும் அந்தத் தெரு வழியா நடக்கிறதில்லே, கோயிலுக்குச் சுத்திக்கினுதான் போறா.

இப்ப அவ விழுந்ததும் நான் வெட்டின அந்த எடத்துலதானே?

கலைமதி பேனாவை நிறுத்திவிட்டாள். "பெரியப்பா, இதைப் பெரியம்மா படிக்கும்."

"தெரியும். எழுது."

"அப்ப நல்ல பேனா எடுத்துக்கினு வர்றேன்."

ஜூன் 16, திங்கள்

பீரோவை நகர்த்தினோம். வெட்டைப் பார்த்த தென்னரசு என்னையும் ஒரு தடவை பார்த்தான். உத்திரத்தின் இரண்டு பக்கமும் புதுச் சட்டம் வைத்து போல்ட் முடுக்கினான். மேலே பலகை முழுக்க சிமெண்ட் அட்டை பரப்பி, மூட்டுக்கு மூட்டு இடம் விட்டு ஸ்க்ரூ போட்டு, இடைவெளியில் பட்டை ஒட்டினான். சகாயராஜ் நடந்தான். தண்ணீர் அசையவில்லை. இன்னும் இரண்டு சுற்று நடக்கச் சொன்னேன். முதலில் சோறு என்றான்.

ஜூன் 27, வெள்ளி

டைல்ஸ் போட்டு முடிந்து மூன்று நாள். சவுரி வந்தாள். உள்ளே வராமல் மேல்படியிலேயே நின்று, சொம்பை நிறைத்து அடுப்பு பக்கம் வைக்கச் சொன்னாள். தம்பியைப் பார்த்து, "நடடா" என்றாள். ஒரு சொட்டு சிந்தவில்லை. பிறகுதான் காலை வைத்தாள்.

உட்கார்ந்து நோட்டு முழுக்கப் படித்தாள். நான் டீ போட்டேன். முழுசாகக் குடித்தாள். அந்த டீயைக் குடித்துவிட்டு ஒன்றும் சொல்லாததுதான் எனக்குப் பயமாக இருந்தது.

இப்போது கலைமதியின் கடை வாசலில் நிற்கிறாள். கையில் ஒரு சீப்பு வாழைப்பழம்.

"எழுதினது போதும், எழுந்திருய்யா. ஆசாரி வூட்டுக்குப் போறோம். அந்தத் தெரு வழியாவே போலாம். நான் பழத்தைக் குடுக்கிறேன், நீ வாயைத் தொற."

சட்டை மாற்றப் போகிறேன்.