குழாய்க்குள் விரிந்த குடை

"அடைப்பை நானே எடுக்கிறேன்னு சொன்னேன்ல..."

"எடுக்கிறேன்னு விட்ட குடை குழாய்க்குள்ள போய் விரிஞ்சுக்கிச்சே."

அதோடு நீங்கள் போர்த்திக்கொண்டு படுத்துவிட்டீர்கள். மீதியை எழுதி வைக்கிறேன்.

அடைப்பு எடுப்பவர் பத்து மணிக்கு வருவார். போன தடவை மாதிரி, "இங்க அடைப்பே இல்லையே" என்று வாசலோடு அனுப்பிவிடாதீர்கள். குளியலறையில் கணுக்கால் வரை தண்ணீர் நிற்கிறது. குளிக்கவே நான் தங்கை வீட்டுக்குப் போகிறேன்.

"உள்ள என்னம்மா கிடக்கு?" என்று போனில் கேட்டார். "முன்னால குடியிருந்தவங்க எதையோ போட்டிருக்காங்க" என்று உங்கள் மானத்தைக் காப்பாற்றியிருக்கிறேன். நீங்கள் வாயைத் திறக்காமல் இருந்தால் போதும்.

சாப்பாடு மேசைமேல் மூடியிருக்கிறது.

இன்னொன்று. தொலைத்துவிடுவீர்கள் என்று குடைக் கைப்பிடியில் உங்கள் பெயரை நான் பெயிண்டால் எழுதியது இப்போதுதான் நினைவுக்கு வருகிறது. அவர் குடையை இழுத்துப் போட்டு, கைப்பிடியைப் படித்துவிட்டு, உங்களைக் கேட்பார்:

"ஐயா பேரு என்னங்க?"