திரையில் உங்கள் கைகள் திக்காமல் ஓடிய நாள்

என் அன்பு மச்சாள்,

தர்மபுரத்தில் மழை தொடங்கிவிட்டது. வகுப்புக் கொட்டிலுக்குப் புதுக் கிடுகு போட்டாயிற்று. உங்கள் தம்பிதான் ஏறி வேய்ந்தார். நீங்கள் இருந்திருந்தால் கீழே நின்று அவரை ஏசியிருப்பீர்கள்.

உங்களிடம் படித்த யாழினி இப்போது சின்னப் பிள்ளைகளுக்குப் படிப்பிக்கிறாள். அவளைப் பார்க்கும்போதெல்லாம் அந்தக் கணினிகள் வந்த காலம் நினைவுக்கு வருகிறது. பாண் பெட்டி அளவுதான் ஒவ்வொன்றும். சூரிய மின்சாரத்திலேயே ஓடும் என்று வெளிநாட்டிலிருந்து யாரோ அனுப்பியிருந்தார்கள். நான் அவற்றில் லினக்ஸ் என்ற இயங்குதளத்தைப் போட்டுத் தந்தேன். காது கேளாத உங்கள் வகுப்புப் பிள்ளைகளுக்காக நீங்கள் ஒவ்வொரு சொல்லையும் சைகையில் செய்து காட்ட, கமராவில் பிடித்தேன்.

போட்டுப் பார்த்தால் படம் திக்கித் திக்கி ஓடியது. கை நெற்றியில் இருக்கும், அடுத்த கணம் மார்பில் இருக்கும், இடையில் நடந்ததைக் காணோம். யாழினி திரையையும் உங்களையும் மாறி மாறிப் பார்த்து, குழம்பி அழுதுவிட்டாள். அவர்களுக்கு அசைவுதானே சொல்!

"உந்தப் பெட்டிக்கு என்ன வருத்தம்?" என்று கேட்டீர்கள்.

"படம் காட்டுறதுக்கெண்டே உள்ளுக்கை ஒரு சிப் இருக்கு மச்சாள். லினக்ஸுக்கு அதை வேலை வாங்கத் தெரியேல்லை. எல்லாத்தையும் புரொசசர் தனியச் செய்து களைக்குது."

"அப்ப வேலை வாங்கப் பழக்குங்கோ. பிள்ளையள் எத்தினை நாளைக்குப் பாத்துக்கொண்டிருக்கிறது?"

அந்தச் சிப்பை இயக்கும் ட்ரைவர் என்ற மென்பொருளை எங்கள் லினக்ஸுக்கு ஏற்றபடி நானே உருவாக்க வேண்டியிருந்தது. அதற்குத் தேவையான கோப்பு பெரியது. கிளிநொச்சி இணையத்தில் இறக்கினால் பாதியிலேயே அறுந்துவிடும். நெஞ்சு வருத்தத்துக்கு நீங்கள் வவுனியா ஆஸ்பத்திரிக்குப் போன அன்று, கிளினிக்கில் களைத்த உடம்போடு இன்ரநெற் கபேயில் காத்திருந்து, அதைச் சீடியில் போட்டு எடுத்து வந்தீர்கள். ஓமந்தைச் சோதனைச் சாவடியில் என்ன இது என்று கேட்ட ஆமிக்காரனிடம், "கொம்பியூட்டருக்கு மருந்து" என்றீர்களாம். மூச்சு வாங்க வாங்க அதைச் சொல்லிச் சிரித்தீர்கள்.

ட்ரைவர் ஏறியது. நான் உள்நுழைந்து பார்த்தால் படம் வழுக்கிக்கொண்டு ஓடியது. பிள்ளைகளின் பெயரில் உள்நுழைந்தால் பழையபடி திக்கல். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

"உங்களுக்கு ஓடுறது அவையளுக்கு ஏன் ஓடேல்லை? அதைப் பாருங்கோ முதல்."

பார்த்தேன். அந்தச் சிப்பைத் தொடும் அனுமதி எனக்கு மட்டுமே இருந்தது. பிள்ளைகளுக்கும் கொடுத்தேன். திரையில் உங்கள் கை நெற்றியிலிருந்து மார்புக்கு ஒரே ஓட்டமாக இறங்கியது. யாழினி எழும்பி நின்று, திரையோடு சேர்ந்து தானும் செய்தாள். நீங்கள் வாசலுக்குப் போய் முகத்தைத் துடைத்துக்கொண்டீர்கள். நான் கண்டேன் மச்சாள், காணாத மாதிரி இருந்தேன்.

பிறகு சண்டை மூண்டு, ஓமந்தைப் பாதையைப் பூட்டினார்கள். உங்கள் மருந்து முடிந்தது. வவுனியாவுக்குப் போக அனுமதி கேட்டு உங்கள் தம்பி அலையாத இடமில்லை. அது கிடைக்குமுன் நீங்கள் போய்விட்டீர்கள். பாதை திறந்திருந்தால்? இதை நான் யாரிடம் கேட்பது?

கணினிகளில் சில இன்னும் ஓடுகின்றன. பிள்ளைகள் தினமும் உங்களைப் பார்க்கிறார்கள். போன கிழமை, உங்கள் குரலைக் கேட்க வேண்டும் போலிருந்து ஒவ்வொரு வீடியோவாகத் திறந்தேன். கோப்பு சிறிதாக இருக்கட்டும் என்று அன்று ஒலியை எடுத்துவிட்டிருந்தோம். ஒன்றிலும் நீங்கள் பேசவில்லை. பிள்ளைகளுக்கு அப்படி எந்தக் குறையும் இல்லை. அவர்களுக்கு நீங்கள் முழுதாக இருக்கிறீர்கள்.

எனக்குச் சைகை அரைகுறைதான். இனி யாழினியிடம் இருந்து ஒழுங்காகப் படிப்பேன். உங்கள் திவசத்தன்று இந்தக் கடிதத்தைப் பிள்ளைகளுக்கு என் கைகளாலேயே சொல்லுவேன். இது உங்களுக்கு நான் தரும் வாக்கு.

என்றும் உங்கள் தம்பி பெண்சாதி,
உங்கள் மச்சாள் சுமதி